வாட் சொல்வதும் டிகிரி சொல்வதும்

ஓசூரை அடுத்த பாகலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட்டுக்குள் நுழைந்தால், கன்ட்ரோலர் பெட்டியில் மின்னும் எண்கள்தான் முதலில் கண்ணில் படும். பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலின் ஒவ்வொரு ஸோனுக்கும் இரண்டு எண். ஒன்று பி.வி., அதாவது இப்போது அங்கே இருக்கும் வெப்பநிலை. இன்னொன்று எஸ்.வி., ஆபரேட்டர் கேட்ட வெப்பநிலை. பேரலைச் சுற்றிக் கட்டியிருக்கும் பேண்ட் ஹீட்டர் எத்தனை வாட் என்று கேட்டுப் பாருங்கள். மேலே பொறித்திருப்பதைக் குனிந்து படித்துவிட்டுத்தான் சொல்வார். எத்தனை டிகிரியில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: டெல்ரின் பிளாஸ்டிக்குக்கு 200, நைலானுக்கு 250.

அவரே வீட்டுக்குப் போய் இண்டக்‌ஷன் அடுப்பைத் தட்டினால் அதில் வருவது 1200, 1600 என்ற வாட் கணக்கு. அரிசி வேகும்வரை அந்த எண்ணால் ஒரு தொந்தரவும் இல்லை. பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் கொதிநிலையை ஒட்டியேதான் இருக்கும். ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால் இங்கே அது 97 டிகிரி. 1200 வாட்டை 1600 ஆக்கினால் வெப்பநிலை ஏறாது, ஆவிதான் கூடும். தண்ணீர் வற்றிய நிமிடத்தில் கதை மாறுகிறது. வாட் அதேதான், ஆனால் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாக வெளியேற ஆள் இல்லை. அடிப்பிடிக்கிறது.

ஒரு பொருளைச் சூடாக்குவதில் இப்படி இரண்டு வழிகள் உண்டு. இவ்வளவு மின்திறன் கொடு, சூடு எவ்வளவு ஏறுமோ ஏறட்டும் என்பது ஒன்று. இந்த வெப்பநிலையில் வைத்திரு, அதற்கு எவ்வளவு மின்திறன் வேண்டுமோ எடுத்துக்கொள் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கருவியில், ஒரே பொத்தானின் இரு நிலைகளாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொருள் ஒன்று இருக்கிறது. வேப் என்று இளைஞர்கள் சொல்லும் மின்னணு சிகரெட். வாட் நிலை, வெப்பநிலைக் கட்டுப்பாட்டு நிலை என்று அதில் இரண்டு உண்டு. இயற்பியல் பாடத்துக்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதைப் பாடத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது, ஏனென்றால் இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

தடை வந்த வரிசை இந்த எல்லைப்பகுதிக்குப் பொருத்தமான வேடிக்கை. கர்நாடகம் 2016 ஜூனில் தடை செய்தது. தமிழ்நாடு 2018 செப்டம்பரில்தான் செய்தது. பாகலூரைத் தாண்டி மாலூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் மாநிலம் மாறிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, அந்தப் பக்கம் விற்கக் கூடாத பொருளுக்கு இந்தப் பக்கம் தடை இல்லாமல் இருந்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து இந்த வேறுபாட்டை முடித்துவைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமே வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கை இருப்பு வைத்திருப்பதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

சட்டம் அப்படி. கருவிக்குள் போவோம்.

உள்ளே இருப்பவை ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், அதற்குள் நுழைத்த பஞ்சுத் திரி, திரி உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முதலாவது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், இரண்டாவது 290இல். கலவை இந்த இரண்டுக்கும் நடுவே, கிளிசரின் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு மேலே. புகை என்று பார்க்கிறவர்கள் சொல்வது புகையே அல்ல, ஆவியாகிக் காற்றில் குளிர்ந்த நுண்துளிகள். எதுவும் எரியவில்லை என்றால்தான் இந்தக் கூற்று சரி. கொக்கி அந்த ‘என்றால்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

காந்தல் என்ற உலோகக்கலவையில் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி, பத்து சென்டிமீட்டர் நீளம் எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை சுமார் 1.15 ஓம். முழுக்க சார்ஜ் ஆன லித்தியம் செல் 4.2 வோல்ட் தரும். நேரடியாக இணைத்தால் 15 வாட் பாயும். செல் இறங்கி 3.2 வோல்ட்டுக்கு வந்தால் அதே கம்பியில் 9 வாட்தான். மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மின்திறன் மாறுவதால் மின்னழுத்தம் கால்பங்கு குறைந்தாலே இத்தனை சரிவு. வாட் நிலை இதைச் சரிசெய்யப் பிறந்தது. கருவியில் உள்ள சில்லு கம்பியின் மின்தடையை அளந்து, கேட்ட வாட் வரும்படி மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் 15 என்றால் 15.

அந்தக் கம்பியின் எடை 90 மில்லிகிராம் அளவுதான். அதை ஒரு டிகிரி ஏற்ற 0.04 ஜூல் போதும். திரி நனைந்திருக்கும்போது 15 வாட்டின் பெரும்பகுதியைத் திரவம் ஆவியாகி எடுத்துக்கொண்டு போய்விடும். கம்பி கொதிநிலைக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். திரி காய்ந்திருந்தால் அந்த 15 ஜூலும் ஒரு வினாடியில் கம்பிக்குள்ளேயே இறங்கும். வகுத்துப் பாருங்கள்: காற்றுக்குப் போகும் சொற்ப இழப்பு நீங்கலாக, வினாடிக்கு 350 டிகிரிக்கும் மேல். இரண்டாவது வினாடியில் கம்பி சிவக்கத் தொடங்கும். திரையில் அப்போதும் 15 என்றே இருக்கும். சில்லு சொன்னது பொய்யில்லை, அதனிடம் கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. 2018இல் பிளாஸ் ஒன் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், கம்பிச்சுருளின் வெப்பநிலையை வெப்ப இரட்டை (தெர்மோகப்பிள்) வைத்து நேரடியாக அளந்தார்கள். சுருள் திரவத்தில் முழுக்க நனைந்திருந்தபோது உச்ச வெப்பநிலை 110 முதல் 185 டிகிரி வரை. திரி வழியாக மட்டும் திரவம் வந்தபோது 145 முதல் 334 வரை. காய்ந்திருந்தபோது 322 முதல் 1008 வரை. ஆயிரம் டிகிரி என்பது வெள்ளி உருகும் வெப்பநிலையைத் தாண்டிய இடம்.

இவ்வளவு உயரம் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. கொதிநிலைக்கு மேலே போகப் போகக் கிளிசரின் உடைந்து அக்ரோலின் தரும், கருகிய எண்ணெயின் காட்டம் இதனுடையதுதான். இரண்டு திரவங்களிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு பிறக்கும். மோல்டிங் ஷெட்காரர்களுக்கு இது பழகிய வாயு. டெல்ரின் என்று அவர்கள் சொல்லும் அசிட்டால் பிளாஸ்டிக் பேரலுக்குள் அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடாகவே அவிழும். ஷெட்டில் இருப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

இந்த ஃபார்மால்டிஹைடை வைத்து 2015இல் ஒரு பெரிய சண்டை நடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய ஒரு கருவியை இயக்கியபோது, 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு தரும் சேர்மங்கள் எதுவும் தென்படவில்லை. 5 வோல்ட்டில் ஏராளமாக வந்தன. அந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் சிகரெட்டைவிடப் பல மடங்கு புற்றுநோய் ஆபத்து என்றார்கள். செய்தித்தாள்கள் விடுமா? மறுப்பும் அதே ஆண்டு வந்தது. கிரேக்க மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸும் அவர் குழுவும் அடிக்‌ஷன் இதழில் எழுதிய கட்டுரையில், பழகிய பயனாளர்களிடம் கருவிகளைக் கொடுத்து எந்த வாட்டில் கருகல் சுவை வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்த நிலையில் ஆல்டிஹைடுகள் பல மடங்கு எகிறின. அதற்குக் கீழே மிகக் குறைவு. ஒரு கருவியில் கருகல் தந்த அதே வாட், திரவம் நன்றாக ஊறும் இன்னொரு கருவியில் கருகல் தரவில்லை. கருகலை எந்த மனிதனும் தொடர்ந்து இழுக்க மாட்டான் என்பது அவர்கள் வாதம்.

என் பார்வையில் இரு தரப்பும் பாதிதான் சரி. முதல் குழு அடிப்பிடித்த பானையைச் சோதித்துவிட்டுச் சோற்றின் மேல் பழி போட்டது. இரண்டாவது குழு மனித நாக்கை வெப்பமானியாக நம்பியது. கருகல் லேசாக இருக்கும்போது இனிப்பும் பழவாசனையும் அதை மூடிவிடும். இந்த இரண்டு சோதனைகளில் திருப்பிய கைப்பிடி ஒன்றில் வோல்ட், மற்றொன்றில் வாட். வேதிவினைக்கோ இரண்டும் தெரியாது. அதற்குத் தெரிந்தது டிகிரி மட்டும்.

அப்படியானால் டிகிரியை அளந்துவிட வேண்டியதுதானே? முடியும். ஆனால் அரிசி மணி அளவுள்ள சுருளுக்குள் தனியாக ஒரு வெப்பமானியை எங்கே செருகுவது? விடை 1871இல் வில்லியம் சீமன்ஸ் சொன்னது. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும், ஆகவே மின்தடையை அளந்தால் வெப்பநிலை தெரியும் என்று அவர் பிளாட்டினக் கம்பியை முன்வைத்தார். அவர் செய்த வெப்பமானிகள் நாளடைவில் அளவு தவறின. 1887இல் கேம்பிரிட்ஜில் ஹியூ காலெண்டர் கம்பியை இழுவிசை படாமல் சுற்றும் வழியைக் கண்டு அதைச் சீராக்கினார். ஓசூர் சிப்காட்டில் இன்று எந்தத் தொழிற்சாலையிலும் பி.டி. 100 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுழியம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும் பிளாட்டினம் அது. பழைய 100 வாட் குண்டு பல்பு வீட்டில் கிடந்தால் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எரியும்போது 529 ஓம் இருக்க வேண்டிய இழை, அணைந்த நிலையில் 40 ஓம் அளவே காட்டும்.

ஆக, சூடாக்கும் கம்பியே தன் வெப்பநிலையையும் சொல்லிவிடும். 2014இல் ஒஹையோ மாநிலத்து ஈவால்வ் நிறுவனம் டி.என்.ஏ. 40 என்ற சில்லில் இதைக் கொண்டுவந்தது. தூய நிக்கல் கம்பி வேண்டும் என்றார்கள். நிக்கலின் மின்தடை டிகிரிக்கு ஆயிரத்தில் 6 பங்கு கூடும். 25 டிகிரியில் 0.10 ஓம் உள்ள சுருள் 225 டிகிரியில் 0.22 ஓம் ஆகிவிடும். இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் சில்லுக்கு வேலை சுலபம். நொடிக்குப் பலமுறை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து வகுக்கிறது, 0.22ஐ எட்டியதும் மின்திறனைக் குறைக்கிறது. திரி காய்ந்தால் 15 வாட் இரண்டு மூன்றாக இறங்கி, ஆவி நின்றுபோகும். கருகாது. பின்னால் டைட்டேனியம் வந்தது, எஸ்.எஸ். 316 துருப்பிடிக்காத எஃகும் வந்தது. எஃகின் மாற்றம் டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் அளவிட நிதானமும் நுட்பமும் வேண்டும்.

காந்தலை வைத்து இதைச் செய்யவே முடியாது. காரணம் அதன் குறையல்ல, பெருமை. சுவீடனின் ஹால்ஸ்டாஹம்மர் ஊரில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ உருவாக்கிய இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை இது. அதற்கு முன்னால் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்ரோம்தான் அதுவரை அடுப்புக் கம்பிகளின் அரசன். சூடேறும்போது காந்தலின் மேற்பரப்பில் அலுமினிய ஆக்சைடு படலம் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கும்; 1400 டிகிரி வரை தாங்கும் ரகம்கூட உண்டு. உலை கட்டுபவருக்கு அதைவிட முக்கியமானது, குளிர்ந்த நிலையிலும் கொதிக்கும் நிலையிலும் அதன் மின்தடை ஏறக்குறைய மாறாது என்பது. காலையில் சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டம் எகிறாது, பகல் முழுக்க மின்திறன் ஒரே சீராக இருக்கும். ஓசூரில் காந்தல் நிறுவனத்துக்கு ஆலையே இருக்கிறது. உலைகளுக்கான வெப்பமூட்டும் பாகங்கள் அங்கிருந்து போகின்றன. வேப் சுருள்களில் மிகப் பரவலாகப் புழங்கிய கம்பியும் இதுதான். 200 டிகிரி ஏறினாலும் மின்தடையில் நூற்றில் ஒரு பங்குகூட அசையாத கம்பியிடம் போய் வெப்பநிலையைக் கேட்டால் அது என்ன சொல்லும்? உலையில் அதனிடம் யாரும் கேட்பதில்லை. பக்கத்திலேயே தெர்மோகப்பிள் தனியாக நிற்கிறது.

அந்தத் தெர்மோகப்பிளும் பொய் சொல்லும். இரவு ஷிப்டில் புதிதாகச் சேர்ந்த பையன் ஓடி வருவான்: “அண்ணே, மூணாவது ஸோன் ஏறவே மாட்டேங்குது, எழுபதுலயே நிக்குது. கண்ணு வேற எரியுது.” அனுபவசாலி எண்ணைப் பார்க்க மாட்டார், பேரலைப் பார்ப்பார். “டேய், தெர்மோகப்பிள் கழண்டு தொங்குது பாரு. மொதல்ல ஹீட்டர ஆஃப் பண்ணு.” குழியிலிருந்து நழுவிய தெர்மோகப்பிள் ஷெட்டின் காற்றை அளந்துகொண்டிருக்கிறது, கன்ட்ரோலர் பேரல் குளிர்ந்துவிட்டதாக நம்பி ஹீட்டரை விடாமல் ஓட்டுகிறது. கட்டுப்பாடே இல்லாத ஹீட்டரைவிடத் தவறாக நம்பும் கட்டுப்பாடு கெடுதல், ஏனென்றால் அதைக் கண்காணிக்க யாரும் நிற்பதில்லை.

வேப்பின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு நிலைக்கும் இதே நோய், வேறு உருவில். திரையில் தெரியும் 225 அளந்த எண் அல்ல, ஊகித்த எண். சில்லுக்குத் தொடக்கப்புள்ளி ஒன்று வேண்டும்: குளிர்ந்த சுருளின் மின்தடை. எஃகுச் சுருள் 25 டிகிரியில் 0.500 ஓம் என்று வைப்போம். சற்றுமுன் பயன்படுத்தி 65 டிகிரி சூட்டில் இருக்கும்போதே கருவி அதை அளந்து, ‘இதுதான் குளிர்நிலை’ என்று பதிந்துகொண்டால், அது குறித்துக்கொண்டது 0.518. இனி 225 டிகிரி கேட்டால் சில்லு 0.614 ஓம் வரை ஏற்றும். உண்மையான கணக்கில் அது 272 டிகிரி. நாற்பது டிகிரிப் பிழை உள்ளே போய் நாற்பத்தேழாக வெளியே வருகிறது. புரொப்பிலீன் கிளைக்கால் கூடுதலான கலவை ஒன்றுக்கு இந்தத் தூரம் அதிகம். திருகு லேசாகத் தளர்ந்து நூறில் ஒரு ஓம் கூடினாலே எஃகில் 20 டிகிரிக்கு மேல் கணக்கு பிசகும். அது எந்தப் பக்கம் பிசகும் என்பது திருகு எப்போது தளர்ந்தது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றை எந்தச் சில்லாலும் திருத்த முடியாது. மின்தடை முழுக் கம்பிக்குமான கூட்டுத்தொகை. சுருளின் ஒரு முனையில் திரி காய்ந்து 320 டிகிரி, மற்ற இடங்களில் நனைந்து 200 டிகிரி என்றால், கூட்டுத்தொகை பத்திரமான ஒரு சராசரியைக் காட்டும். அக்ரோலினோ சராசரியில் பிறப்பதில்லை, அந்த முனையில் பிறக்கிறது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டு நிலை கருகலை வெகுவாகக் குறைக்கிறது, அவ்வளவே. திரவத்தில் கலந்திருக்கும் நிகோட்டின் 200 டிகிரியிலும் நிகோட்டின்தான். பழக்கம் பிடிப்பது அதனால். கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆவியோடு வருவதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். 2019இல் அமெரிக்காவை உலுக்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள்; அதில் இறந்தவர்கள் 68 பேர். அங்கே முதன்மைச் சந்தேகம் வைட்டமின் ஈ அசிட்டேட் மேல், கஞ்சாச் சாற்றோடு கலந்து விற்ற எண்ணெய் அது. வாட், டிகிரி என்ற விவாதமெல்லாம் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அப்புறம்தான்.

இயற்பியலாக இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வாட்டை நிலைநிறுத்தினால் வெப்பநிலை அலையும். அந்த அலைச்சலில் திரியின் ஈரம் தெரியும். வெப்பநிலையை நிலைநிறுத்தினால் வாட் அலையும். அதிலும் அதே ஈரம் தெரியும். எதைக் கட்டிப்போடுகிறோமோ அது ஊமையாகி, மற்றது பேசத் தொடங்குகிறது. 1914இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் எல்.வி. கிங் சூடான கம்பியைக் காற்றோட்டத்தில் வைத்து, அது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதற்குக் கணக்கு எழுதியபோது இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

சட்டப்படியான, தினசரி வடிவில் அது ஓசூர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் வண்டியின் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரில் மெல்லிய சூடான படலம் ஒன்று இருக்கும். உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் சூட்டில் மின்சுற்று அதை வைத்திருக்கும். காற்று அதிகம் போனால் படலம் குளிரும், சூட்டைத் தக்கவைக்கக் கூடுதல் மின்திறன் வேண்டும். அந்தக் கூடுதலே காற்றின் அளவு. அதன் மேல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் வெப்பம் எளிதில் வெளியேறாது. மின்திறன் குறையும், காற்று குறைவென்று எஞ்சின் கணினி நம்பி டீசலைக் குறைக்கும். வண்டி இழுக்கவில்லை என்று ஓட்டுநர் கொண்டுவந்து நிறுத்தும்போது, விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் அந்தச் சென்சாரைக் கழற்றி, அதற்கென்று உள்ள ஸ்பிரேயை அடித்து, கையால் தொடாமல் காயவைத்து மாட்டிப் பார்ப்பார்.